கல்லும் கல்வியும்

(வ. புதுப்பட்டியில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா என்பது மகிழ்ந்து கூடும் நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாளுமாகும். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில், ஒரு கரும்பலகையும் நான்கு கோரைப்பாயும் கொண்டு மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் சங்கம், இன்று சொந்த மனையில் மாணவர் இல்லம் ஒன்றனை நடத்தி வருகிறது. அந்தப் பாயில் அமர்ந்து படித்தவர்கள் இன்று ஆசிரியராகவும், செவிலியராகவும், வங்கி அலுவலராகவும், படைவீரராகவும், இராசபாளையத்து ஆலைகளில் தொழில்நுட்பப் பணியாளராகவும் விளங்குகின்றனர். தம்மை வளர்த்த இடத்திற்குத் தாம் ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழுந்திருக்கிறது. இதனினும் பெரிய வரவு ஒரு கல்விச் சங்கத்திற்கு வேறு இல்லை.

அவர்கள் முன்வைத்திருக்கும் விருப்பம் யாதெனில், இல்லத்தின் முற்றத்தில் அண்ணல் அம்பேத்கருக்கு முழுவுருவச் சிலை ஒன்று நிறுவ வேண்டும். அதற்கான பொருளைப் பழைய மாணவர்களே தங்களுக்குள் திரட்ட வேண்டும் என்பதே. இதனைக் கேட்டு மகிழாதார் இலர். எனினும், அம்மகிழ்ச்சியோடு வேறு இரண்டு குரல்களும் நம் செவிக்கு எட்டின.

களையெடுப்புக்குச் சென்று கூலி வாங்கி, மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கும் தாயார் ஒருவர், "சிலைக்குக் காசு சேக்குறீங்க, நல்லதுதான் சார். எம் மகளுக்கு அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டணுமே, அதுக்கு யாரு சேப்பா?" என்று கேட்டார். மற்றொரு குரல் செல்வாக்குடைய ஒருவருடையது. "நூறும் இருநூறுமாக ஏன் திரட்டி அலைகிறீர்கள்? முழுச் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். பீடத்தில் என் பெயரைப் பெரிதாகப் பொறித்துவிடுங்கள்" என்று அவர் சொல்லியனுப்பினார்.

சிலையா, படிப்பா என்பது அந்தத் தாயார் எழுப்பிய வினா. யாருடைய பணத்தில் சிலை என்பது இரண்டாமவரின் வாக்கிலிருந்து எழும் வினா. இவ்விரண்டிற்கும் விடை கண்ட பின்னரே உண்டியலைத் திறப்பது முறையாகும். ஆதலின், இன்றைய உரையை இவ்விரு வினாக்களுக்கே ஒதுக்கிக்கொள்கிறோம்.

நடுகல்லில் நின்ற பெயர்

கல் நட்டு நினைவுகூர்தல் தமிழர்க்குப் புதியதன்று. போரில் வீழ்ந்தவனுக்கும், ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கும் நடுகல் எடுத்த நாடு இது. தொல்காப்பியம் அச்செயலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுத்துரைக்கிறது. இவற்றுள் நடுதல் என்பது நான்காம் படியே என்பதனை இளைஞர்கள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். தக்க கல்லைத் தேடிக் காணுதலும், அதனை எடுத்து வருதலும், நீராட்டுதலும் முன்னே நிகழ வேண்டும். ஊரே கூடி உழைத்த பின்னர்தான் கல் நிமிர்ந்து நின்றது.

நம் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரின் மறுபுறம் தேனி மாவட்டம். அங்கே ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரைச் சொல்கிறது. கல்லுக்குப் பொருள் கொடுத்தவன் பெயரை அது சொல்லவில்லை. முழுச் செலவையும் ஏற்று முழுப் பெயரையும் பொறிக்கச் சொல்கிறவர்க்கு நம் முன்னோர் மரபு வைத்திருக்கும் விடை அந்தக் கல்லிலேயே இருக்கிறது.

மாவ் நகரத்து இராணுவப் பள்ளி

இனி, யாருக்குச் சிலை எடுக்க விரும்புகிறோமோ அவரது பிறப்பிடத்திற்குச் செல்வோம். அண்ணல் அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்னும் படைநகரில் பிறந்தார். அவர் தந்தையார் சுபேதார் இராம்ஜி மாலோஜி சக்பால் இராணுவப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். கம்பெனிப் படையில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, சிப்பாய்களும் அவர்தம் பிள்ளைகளும் எழுத்தறிவு பெற வேண்டும் என்பது அக்காலப் படை வாழ்வின் விதி. ஊர்ப் பள்ளியின் திண்ணையிலும் இடம் பெறாத ஒரு சமூகத்தார், படைமுகாமின் வேலிக்குள் கற்றனர், கற்பிக்கவும் செய்தனர்.

அந்த வேலிக்கு வெளியே நாடு மாறவில்லை. இராம்ஜி ஓய்வு பெற்ற பின்னர்க் குடும்பம் சதாராவுக்கு வந்தது. தலைமையாசிரியரின் மகன் அங்கே வகுப்பறையின் மூலையில், வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணித்துணியின் மேல் தனியே அமர்ந்து படிக்க நேர்ந்தது. பள்ளிப் பணியாள் தொட அஞ்சிய அக்கோணியை அச்சிறுவனே மாலைதோறும் சுமந்து வந்து, காலைதோறும் சுமந்து சென்றான்.

அதற்குள் படைவாசலும் அடைபட்டது. இன்ன சாதியாரே போர்க்குணம் உடையவர் என்னும் கொள்கை ஆங்கிலப் படைத்தலைவர்களிடம் பரவிய காலம் அது. 1890களின் தொடக்கத்தில் மகார் மக்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் போன்றோர் அதனை எதிர்த்து மனு எழுதினர். சென்னைப் படையிலும் நம் மக்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தவர்களே. இங்கும் அதே கொள்கை வாய்ப்பைக் குறுக்கியது. மகார் படைப்பிரிவு அமைந்தது 1941ஆம் ஆண்டில்தான். அந்த இடைக்காலத்தின் பெரும்பகுதியில் சீருடையும் ஊதியமும் இல்லாது போயின. ஆனால் முகாம் பள்ளியில் பெற்ற எழுத்தை எவராலும் திரும்பப் பறிக்க முடியவில்லை. இராம்ஜி தம் மக்களை அமர்த்திப் பாடம் கேட்டார்; கடன் வாங்கியும் நூல் வாங்கிக் கொடுத்தார். அந்த எழுத்தே பின்னர் அரசமைப்புச் சட்டம் வரை சென்றது.

இன்று மாவ் நகரில் அண்ணலுக்கு நினைவு மண்டபம் நிற்கிறது. நூற்றாண்டு விழா நாளாகிய 1991 ஏப்ரல் 14 அன்று அடிக்கல் நாட்டப்பெற்று, 2008 ஏப்ரல் 14 அன்று திறக்கப்பெற்றது. 2003ஆம் ஆண்டு முதல் அந்நகர் டாக்டர் அம்பேத்கர் நகர் என்றே வழங்கப்பெறுகிறது. ஆண்டுதோறும் பிறந்தநாளன்று மக்கள் திரள் திரளாக அங்குச் செல்கின்றனர். அங்கே காணும் சிலை மகனுடையது. அச்சிலையின் கீழே, கண்ணுக்குப் புலப்படாத பீடமாக இருப்பது தந்தை எழுதிய கரும்பலகை. இதனை ஓர் ஆசிரியன் சொல்லுவதால் மிகை என்று எண்ண வேண்டா.

ஒரே மக்கள் கொடுத்த இரண்டு நிதிகள்

படைவீரரும் பள்ளியும் சிலையும் ஒருங்கு சேர்ந்த வரலாறு கடல் கடந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு நிதிகளைத் திரட்டினர். ஒன்று சிலைக்கு, மற்றொன்று பள்ளிக்கு. இவ்விரண்டின் முடிவுகளையும் நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1865ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி கேட்டு, வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற சார்லட் ஸ்காட் என்னும் மூதாட்டி, தாம் விடுதலை பெற்ற பின் ஈட்டிய முதல் 5 டாலரை அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதற்கென்று கொடுத்தார். அந்த 5 டாலரே வித்தாயிற்று. விடுதலை பெற்றோர் பலரும் கொடுத்தனர். கறுப்பினப் படைவீரர்கள் மட்டும் தம் சம்பளத்திலிருந்து 12,000 டாலருக்கு மேல் கொடுத்தனர். ஆனால் பணத்தை வைத்திருந்ததும், சிலையின் வடிவத்தை முடிவு செய்ததும் செயிண்ட் லூயி நகரத்து வெள்ளையர் குழு ஒன்று. கொடுத்தவர்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

சிலை வாஷிங்டனில் 1876ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று திறக்கப்பெற்றது. லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில், விலங்கு அறுந்த நிலையில் ஒரு கறுப்பின மனிதன் மண்டியிட்டிருக்கிறான். தாமே பொருள் கொடுத்து எழுப்பிய சிலையில் தம்மையே மண்டியிட்ட கோலத்தில் அம்மக்கள் கண்டனர்! திறப்பு விழாவில் பேருரை ஆற்றியவர், அடிமையாய்ப் பிறந்து தாமே எழுத்துக் கற்றுத் தலைவரான பிரெடரிக் டக்ளஸ். சில நாள்கள் கழித்து அவர் செய்தித்தாள் ஒன்றிற்கு எழுதிய மடலில், தம் இனத்து மனிதன் தன் கால்களில் நிமிர்ந்து நிற்கும் சின்னம் ஒன்றைத் தாம் இறப்பதற்கு முன் காண விரும்புவதாகக் குறிப்பிட்டார். அச்சிலையின் படியொன்று பாஸ்டன் நகரிலும் வைக்கப்பட்டிருந்தது. மக்கள் எதிர்ப்பின் விளைவாக 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அது அகற்றப்பட்டது.

இனி மற்ற நிதியைக் காண்போம். மிசௌரி மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பதே குற்றம் என்று 1847ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியிருந்தனர். அம்மாநிலத்திலிருந்து உள்நாட்டுப் போருக்குச் சென்ற 62ஆம் கறுப்பினக் காலாட்படையினர், முகாமிலேயே இரவு விளக்கின் ஒளியில் எழுத்துக் கற்றனர். போர் முடிந்து படை கலையும் வேளையில், கற்றது இத்தோடு நின்றுவிடலாகாது என்று அவர்கள் எண்ணினர். மாதம் 13 டாலர் சம்பளம் பெற்ற அச்சிப்பாய்கள் தமக்குள் ஏறத்தாழ 5,000 டாலர் திரட்டினர். 65ஆம் படையினர் 1,379 டாலர் 50 சென்ட் சேர்த்துக் கொடுத்தனர். அப்பணத்தைக் கொண்டு 1866ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெபர்சன் நகரில் லிங்கன் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு முதல் அது லிங்கன் பல்கலைக்கழகம்.

அச்சிப்பாய்கள் தமக்குச் சிலை எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளி எடுத்தனர். அவர்களுக்குச் சிலை 141 ஆண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டில், அதே பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்தது. அதனை வடித்தவர் எட் டுவைட் என்னும் கறுப்பினச் சிற்பி. அவரும் முன்னாளில் விமானப்படை அதிகாரி. 1960களில் விண்வெளிப் பயணத்திற்குப் பயிற்சி பெற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டில் தம் 90ஆம் அகவையில் விண்வெளி சென்று திரும்பியவர். அவர் வடித்த வீரர்களில் எவரும் எவர் காலடியிலும் மண்டியிடவில்லை.

இரு நிதிகளும் ஒரே மக்களுடையவை. ஒரே வியர்வையில் விளைந்தவை. ஒன்றில் பணம் மட்டும் கொடுத்தனர். முடிவைப் பிறர் கையில் விட்டனர். மற்றொன்றில் பணத்தோடு நோக்கத்தையும் தாமே வகுத்தனர். பணம் கொடுப்பவன் முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் என்பதே இவ்வரலாறு கூறும் பாடம். இன்று ஒருவர் முழுச் செலவையும் கொடுப்பாராயின், சிலை எங்கே நிற்பது, எவ்வாறு நிற்பது, எவர் மாலையிடுவது என்னும் முடிவும் அவர் பின்னே சென்றுவிடும். நம் மாணவர் இல்லத்தின் முற்றம் அதற்குரிய இடமன்று.

இவ்வரலாற்றுக்கு ஒரு பிற்சேர்க்கையும் உண்டு. வாஷிங்டனில் மண்டியிட்ட சிலை நிற்கும் அதே பூங்காவில், 98 ஆண்டுகள் கழித்து 1974ஆம் ஆண்டில் மற்றொரு சிலை எழுந்தது. மேரி மெக்லியோட் பெத்யூன் என்னும் கறுப்பின ஆசிரியையின் சிலை அது. 1904ஆம் ஆண்டில் ஒன்றரை டாலரோடு சிறுமியர் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர் அவர். கறுப்பினப் பெண்களின் தேசிய அமைப்பு முயன்று பொருள் திரட்டி அச்சிலையை எழுப்பிற்று. அதில் ஆசிரியை இரண்டு குழந்தைகளுக்கு ஓர் ஏட்டுச் சுருளை நீட்டி நிற்கிறார். லிங்கன் சிலை அவரை நோக்கியிருக்குமாறு திருப்பி வைக்கப்பட்டது. மண்டியிட்டவனுக்கு எழுத்துக் கொடுத்தவர் எதிரே நிமிர்ந்து நிற்பதைக் காண டக்ளஸ் உயிரோடில்லை. எனினும் அவர் விருப்பம் ஒருவாறு நிறைவேறியது.

1916ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகள்

தாயாரின் வினாவிற்கு வருவோம். சிலையா, படிப்பா? இவ்வினாவை அண்ணல் அம்பேத்கரே எதிர்கொண்டிருக்கிறார். பம்பாயின் பெருந்தலைவர் பெரோஸ்ஷா மேத்தா 1915ஆம் ஆண்டில் காலமானார். அவருக்குச் சிலை வைப்பதென்று முடிவாயிற்று. அப்போது நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த அண்ணல், 1916ஆம் ஆண்டில் பம்பாய்க் கிரானிக்கள் இதழுக்கு ஒரு மடல் எழுதினார். அத்தகைய தலைவருக்கு ஒரு சிலை மட்டும் போதுமான நினைவாகாது. அவர் பெயரால் பொது நூலகம் ஒன்று அமைப்பதே தக்கது என்பது அம்மடலின் சாரம். நூலகம் ஒரு சமுதாயத்தின் வளர்ச்சிக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை நம் நாட்டார் இன்னும் உணரவில்லையே என்று அவர் அதில் வருந்தினார். யாருக்குச் சிலை எடுக்க முனைகிறோமோ அவரே இளம் வயதில் சிலையினும் நூலகத்தைப் பெரிதாக மதித்தவர் என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

அதே 1916ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயில் வாசலில் நம் மக்களை நிறுத்தி வைத்த அந்நகரிலேயே, நந்தனார் பெயரால் அவர் எழுப்பியது பள்ளிக்கூடமும் விடுதியும். அங்குப் படித்து வெளிவந்தோர் தமிழகத்தின் பல பகுதிகளிலும் பணியாற்றினர். பிற்காலத்தில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. முன்னே பள்ளி, பின்னே மண்டபம். இவ்வரிசையை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

அண்ணலும் அவ்வரிசைப்படியே நடந்தார். 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் முதல் கல்லூரியாகிய சித்தார்த்தா கல்லூரி 1946ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று பம்பாய் மரைன் லைன்ஸ் பகுதியில், போர்க்காலத்தில் படையினருக்காக எழுப்பிய கொட்டகைகளில் தொடங்கிற்று. முகாம் பள்ளித் தலைமையாசிரியரின் மகன், படைக் கொட்டகையைக் கல்லூரியாக்கினார்! கட்டடம் வந்த பின் கல்வி என்று அவர் காத்திருக்கவில்லை.

அங்ஙனமாயின் சிலையே வேண்டாவா?

வேண்டும் என்பதே நம் கருத்து. பெரோஸ்ஷா மேத்தாவின் உறவினரும் இனத்தாரும் பம்பாயின் எந்தத் தெருவிலும் தலைநிமிர்ந்து நடந்தவர்கள். அவர்க்குச் சிலை ஓர் அணிகலன். நம் நிலை வேறு. செருப்பணிந்து செல்லக் கூடாத தெருக்களும், தனிக் குவளை வைத்த தேநீர்க் கடைகளும் நம் பெற்றோர் நினைவில் இன்னும் உள்ளன. அத்தகைய மண்ணில், நீலநிறக் கோட்டும் கையில் அரசமைப்புச் சட்டமுமாக ஒருவர் ஊர் நடுவே நிற்பது, "நாங்களும் இவ்வூரார்" என்று சொல்லும் வாசகமாகிறது. கோலாப்பூரில் 1950ஆம் ஆண்டு டிசம்பரில், அண்ணல் உயிரோடிருக்கும்போதே, மக்கள் அவருக்குச் சிலை எடுத்தனர். நாடாளுமன்ற வளாகத்தில் 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 2 அன்று குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த வெண்கலச் சிலையும் நினைவுக் குழுவினர் அன்பளிப்பாக அளித்ததே.

ஆயினும், தனி மனித வழிபாடு அரசியலில் வீழ்ச்சிக்கே வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் எச்சரித்தவரும் அவரே. சிலைக்கு மாலையிட்டுவிட்டு அவர் எழுதிய நூலைத் திறவாது போவோமாயின், அவர் அஞ்சியதையே நாம் செய்தவராவோம்.

மற்றொரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டியுள்ளது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அண்ணலின் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. சிலையை உடைப்போரிடமிருந்து காப்பதற்கென்று கூண்டு; ஆனால் விடுதலையைப் போதித்தவர் கம்பிக்குள் நிற்பதைக் கண்டு வளரும் குழந்தை என்ன கற்கும்? கூண்டு இல்லாமல் சிலையைக் காப்பது எவ்வாறு? பூட்டினால் அன்று, அருகே எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருப்பதனால். காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து படிக்கும் நூலகம் பக்கத்தில் இருக்குமாயின், அதனினும் சிறந்த காவல் வேறில்லை. ஆகவே தாயாரின் வினாவும் இளைஞரின் விருப்பமும் பகையல்ல. நூலகமே சிலைக்குக் காவல். சிலையே நூலகத்திற்கு முகவரி.

செய்ய வேண்டுவன

இனி, செயல்முறையாகச் சிலவற்றைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, கல்லுக்கு ஒரு ரூபாய் எனில் கல்விக்கு ஒரு ரூபாய். பழைய மாணவர் கொடுக்கும் ஒவ்வொரு தொகையும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி சிலைக் கணக்கிலும் மறுபாதி நூலகம், கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றின் கணக்கிலும் சேர வேண்டும். கல்விப் பாதி முதலில் செலவாகட்டும். அந்தத் தாயாரின் மகள் பருவக் கட்டணம் செலுத்திய பின்னரே சிற்பிக்கு முன்பணம் செல்லட்டும். சிலை ஓராண்டு தாமதித்தால் அண்ணல் வருந்தமாட்டார். ஒரு பெண்ணின் படிப்பு ஒரு பருவம் நின்றால் வருந்துவார்.

இரண்டாவது, தொகைக்கு உச்ச வரம்பு வேண்டும். வேலையில் இருப்போர் ஒரு நாள் சம்பளம் தரட்டும். கூலி வேலை செய்வோர் இயன்றதைத் தரட்டும். பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் பத்தாயிரம் கொடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில், ஒரே பேரேட்டில் இடம்பெறட்டும். பீடத்தில் தனியொருவர் பெயர் வேண்டா. "பழைய மாணவர்" என்னும் ஒரு சொல்லே போதும். செல்வாக்குடைய அன்பரும் விரும்பினால் அந்த வரம்புக்குள் கொடுக்கலாம், நன்றியோடு ஏற்போம்.

மூன்றாவது, வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கையொப்பமிடுவோர் மூவர், அவருள் ஒருவர் பெண்ணாகவும், மற்றொருவர் இன்று இல்லத்தில் பயிலும் மாணவராகவும் இருத்தல் நன்று. கணக்கெழுதப் பழகுவதும் கல்வியே.

நான்காவது, இடமும் அனுமதியும். பொதுச் சாலை, நடைபாதை முதலிய பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை நிறுவ மாநில அரசுகள் அனுமதி தரலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று ஆணையிட்டுள்ளது. நம்முடையது சொந்த மனை. ஆயினும் மாவட்ட நிருவாகத்தின் எழுத்து வழியான அனுமதியைப் பெறாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. சட்டத்தை எழுதியவருக்குச் சட்டத்தை மீறிச் சிலை வைப்பது பொருந்தாது. இரவோடிரவாகச் சிலை வைத்து, விடிந்ததும் வழக்கில் சிக்குவோர் நம் பிள்ளைகளே. அவ்வழக்கு அவர்தம் அரசுப் பணிக்குக் குறுக்கே நிற்கும் என்பதனை இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, வடிவத்தை முடிவு செய்வோர் கொடுத்தவர்களே. சிற்பி மாதிரி வடிவத்தைக் கொண்டு வந்ததும் அதனைப் பொதுக்குழுவில் வைத்து, மாணவர் முதல் மூதாட்டியர் வரை கருத்துக் கேட்க வேண்டும். நம் கருத்தைச் சொல்ல வேண்டுமாயின், அண்ணாந்து பார்க்கும் உயரம் வேண்டா. படிக்க வரும் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரமே போதும். ஒரு கையில் நூல் இருக்கட்டும். பீடத்தின் ஒரு பக்கத்தில், இராணுவப் பள்ளித் தலைமையாசிரியர் இராம்ஜியின் பெயரும் இடம்பெறுமாயின் ஆசிரியர் சமூகம் அகமகிழும்.

ஆறாவது, பராமரிப்பு. ஏப்ரல் 14, டிசம்பர் 6 ஆகிய இரு நாள்களில் மட்டும் வண்ணம் கண்டு, மற்ற நாள்களில் பறவை எச்சத்தோடு நிற்கும் சிலைகளை எத்தனையோ ஊர்களில் காண்கிறோம். திரட்டும் தொகையில் ஒரு பகுதியை வைப்பு நிதியாக வங்கியில் இட்டு, அதன் வட்டியில் சிலையையும் நூலகத்தையும் பேண வேண்டும்.

இளைஞர்களுக்கு

அன்பார்ந்த இளைஞர்களே! நீங்கள் வத்திராயிருப்பிலும் கூமாபட்டியிலும் திருவில்லிபுத்தூரிலும் வீடு வீடாகச் செல்லும்போது, உண்டியலை மட்டும் ஏந்திச் செல்லாதீர்கள். ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எவர் முதன்முதலில் எழுத்துக் கற்றார், எங்கே கற்றார், எவர் கற்றுக் கொடுத்தார் என்று கேட்டு எழுதி வாருங்கள். சில வீடுகளில் அது பட்டாளத்துக்குப் போன பாட்டனாராக இருக்கும். சில வீடுகளில் அது ஒரு பாதிரியார் நடத்திய சிறு பள்ளியாக இருக்கும். சில வீடுகளில் மதிய உணவுக்காகப் பள்ளிக்கு வந்த தாயாராக இருக்கும். பல வீடுகளில் அது இன்னும் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தையாகவே இருக்கும். அந்தக் குறிப்பேடு முழுமையடையும் நாளில், நம் நூலகத்தின் முதல் நூல் ஆயத்தமாகிவிடும். அதனை எழுதியவர்கள் நீங்களே ஆவீர்கள்.

சார்லட் ஸ்காட் கொடுத்த 5 டாலருக்கும், நம் ஊர்த் தாயார் மடியிலிருந்து அவிழ்த்துத் தரப்போகும் 10 ரூபாய்க்கும் மதிப்பில் வேற்றுமை இல்லை. அந்த 10 ரூபாய் எங்கே சென்றது, எதனை வாங்கிற்று, எதனை எழுப்பிற்று என்று அவர் கேட்கும் நாளில், பேரேட்டைத் திறந்து காட்டி விடை சொல்லும் நிலையில் நாம் இருத்தல் வேண்டும். அத்தகைய நிதியில் எழும் சிலை எவர் காலடியிலும் மண்டியிடாது. அதனருகே படிக்கும் பிள்ளையும் மண்டியிடாது. சங்கம் இக்கருத்துகளைப் பொதுக்குழுவில் வைத்து ஆய்ந்து, தக்கதொரு முடிவினை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.